திரு. மாரிமுத்து மேடைக்கு வரவும்

கடையில் என் இடத்துக்கு வரப்போகிற செல்வம் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஒவ்வொரு பேரையும் ஏன் ரெண்டு தடவ கூப்பிடுறீங்க? தமிழ்ல ஒன்னு, மலாய்ல ஒன்னு. கூப்பிடுறதுக்கு முன்னால வேற கடைசி வரிசையவே பாக்குறீங்க. அங்க யாரு, உங்க மாமனாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாய் வராது. ஒலிபெருக்கிக் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்து, மேடை மேடையாக அறிவிப்புச் செய்தவன் கூச்சக்காரன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி நம்புவாள். பெண் பார்க்கப் போன அன்று நான் பேசியது "தண்ணி" என்ற ஒரு சொல்தான் என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை. ஒலிபெருக்கி ஹாரனுக்குப் பக்கத்திலேயே நின்றதன் பலன். அதனால் ஓய்வு. ஆறாம் வகுப்புப் படிப்புத்தான் என்றாலும், தாளில் எழுதினால் யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே செல்வத்துக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

மலாக்காவில் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அங்கேயே பள்ளி. பிறகு ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஒரு துணிக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் இருந்த கண்ணையா முதலாளியின் மைக் செட் கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் ஒயர் சுற்றினேன். இரண்டாம் வருடம் தென்னை மரம் ஏறி ஹாரன் கட்டினேன். மூன்றாம் வருடம் ஆம்ப்ளிஃபையரைத் தொட அனுமதி கிடைத்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் எனக்கு 'ஒயர்' என்று பெயர். என் சொந்தப் பெயர் மாரிமுத்து. அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குள்ளமான ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மடித்த நீலக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையால் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. அது மைக்கைத் துடைப்பதற்கு மட்டும். சோதிக்கும்போது "ஒன்று, இரண்டு" என்பார். மூன்று சொல்ல மாட்டார். "மூனுன்னு சொன்னா, ஏதோ ஆரம்பிக்கப் போவுதுன்னு எவனாச்சும் பேச எந்திரிச்சிடுவான்டா" என்பார்.

மலாயாவின் சுதந்திர நாள் எது என்று மலாக்கா திடலில் அறிவித்த அன்று எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த மைக் எங்களுடையது அல்ல. கூட்டம் முழுவதும் தேதியைக் கேட்டு ஆரவாரம் செய்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அழுதேவிட்டார். முதலாளி மட்டும் தலையைச் சாய்த்து ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓரத்துல கொஞ்சம் கரகரன்னு இருக்கு. நம்ம செட்டா இருந்தா இப்படி விட்டிருப்பனா?" என்றார். வீடு திரும்பும் வரை அதே கவலை.

அறிவிப்புக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கைக்குட்டையால் மைக்கைத் துடைக்க வேண்டும். நகத்தால் ஒருமுறை தட்ட வேண்டும், ஊதக் கூடாது. "ஊதாத, இது அடுப்பு இல்ல." சீட்டில் எழுதியிருப்பதை மனசுக்குள் ஒருமுறை படிக்க வேண்டும். பிறகுதான் முக்கியமானது: யாரை அழைக்கிறோமோ அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணால் தேட வேண்டும். "ஆளக் கண்ணால புடி. அப்புறம் பேரச் சொல்லு." சொல்லி முடித்ததும் சுவிட்சை மூட வேண்டும். இந்த ஐந்தில் நாலு எனக்கு எளிது. நாலாவதுதான் வராது. ஆட்களைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் தடவை என்னை அறிவிக்கச் சொன்னது புக்கிட் பாருவில் ஒரு கல்யாணத்தில். "சாப்பாடு தயார், எல்லாரும் பந்திக்கு வரவும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மைக்கின் முன்னால் நின்றேன். சுவிட்சைப் போட்டேன். வாய் வரவில்லை. என் மூச்சு மட்டும் நாலு ஹாரனிலும் புஸ்ஸு புஸ்ஸென்று போனது. யாருக்கோ இழுப்பு வந்துவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளையின் சித்தப்பா விசிறியோடு ஓடி வந்தார்.

அன்று முதலாளி கத்தவில்லை. திரும்பும் வழியில் சொன்னார்: "ஒயரு, ஒரு தடவ போச்சு. பரவால்ல. இன்னொரு தடவ இப்படி வாயடைச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். மைக் செட்டு கடையில ஊம ஆள வச்சிக்கிட்டு நான் என்னா செய்வேன்?" ஊருக்குத் திரும்பிப் பால் மரம் சீவுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. தோட்டத்தில் என் அப்பா "என் மவன் மைக்குல பேசுறான்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இனி மாரிமுத்துகள்.

அப்போது மலாக்காவில் காஜா பெராங் பக்கம் பெயர் பெற்ற மாரிமுத்துகள் மூன்று பேர். ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் டிரஸர் என்று பெயர். ஆகவே அவர் டிரஸர் மாரிமுத்து. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டாமவர் சொந்தமாக இரண்டு லோரி வைத்திருந்த லோரி மாரிமுத்து. மூன்றாமவர் கோயில் கமிட்டித் தலைவர், கோயில் மாரிமுத்து. மூன்று பேருக்கும் இந்தப் பட்டப்பெயர்கள் தெரியும். மூன்று பேருக்கும் பிடிக்காது. ஒவ்வொருவருக்கும் தான்தான் வெறும் மாரிமுத்து, மற்ற இருவருக்கும்தான் முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணம். இத்தனை பெரிய மனிதர்கள் வைத்திருக்கும் பெயரை ஒயர் சுற்றுகிறவனுக்கு எப்படிக் கொடுப்பது? அதனால்தான் நான் ஒயர்.

சுதந்திரம் வந்த வாரம் கடையில் எல்லாருக்கும் தூக்கமில்லை. ஊர்வலம், கூட்டம், நாடகம் என்று முதலாளி ஏழு நாள் விடாமல் அறிவித்தார். எட்டாம் நாள் காலையில் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. டிரஸர் மாரிமுத்து வந்து தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஊதா நிறத்தில் ஏதோ தடவி, "நாலு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்க, அப்புறம் ஆயுசுக்கும் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை நாலு மணிக்குத்தான் காஜா பெராங் திடலில் சுதந்திர விழாத் தேநீர் விருந்து. மாவட்ட அலுவலகத்து மலாய் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். அறிவிப்பு நான்.

முதலாளி தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் எழுதியது: 'மூச்சு விடாதே.'

விழாவின் செயலாளர் தங்கையா வாத்தியார். பள்ளிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். பூமாலையைக் கோயில் மாரிமுத்துவிடமிருந்து வாங்கினார். திடலில் அப்போது மின்சாரம் இல்லை. மைக்குக்கு வேண்டிய பேட்டரியை லோரி மாரிமுத்துவிடம் வாங்கினார். முதலுதவிப் பெட்டியை டிரஸர் மாரிமுத்துவிடம் வாங்கினார். மூன்று பேரிடமும் தனித்தனியாக, "உங்க உதவி இல்லேன்னா இந்த விழாவே நடக்காது" என்று சொல்லியிருக்கிறார். மரியாதைக்குச் சொன்னது. மூன்று பேரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி வந்து மேடையில் அமர்ந்தார். வாத்தியார் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அப்போது யாரோ வந்து ரோஸ் சிராப்புச் சர்பத்துக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது என்றார்கள். "நீங்க ஆரம்பிங்க, இதோ வந்துட்டேன்" என்று சைக்கிளில் ஏறி பாசார் என்கிற சந்தைப் பக்கம் போய்விட்டார்.

சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'சிறப்பு விருந்தினருக்கு மாலை அணிவிப்பவர் திரு. மாரிமுத்து.'

மைக்கைத் துடைத்தேன். நகத்தால் தட்டினேன். சீட்டை மனசுக்குள் படித்தேன். கண்ணால் தேடவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: "நமது சிறப்பு விருந்தினருக்கு மலர்மாலை அணிவித்துக் கௌரவிக்கும்படி திரு. மாரிமுத்து அவர்களை அன்போடு அழைக்கிறோம்."

வாய் வந்துவிட்டது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தினேன். முதல் வரிசையில் மூன்று கோட்டுகள் எழுந்து நின்றன.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் நடந்தார்கள். மேடைக்கு ஒரே ஒரு படிக்கட்டு. அதில் ஒருவர்தான் ஏறலாம். மூன்று பேரும் படிக்கட்டுக்குக் கீழே, மைக்குக்குப் பக்கத்தில், என் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிட்டார்கள்.

"மாலை கோயில்லேருந்து வந்தது. நான் கட்டச் சொல்லி நான் கொண்டாந்தது" என்றார் கோயில் மாரிமுத்து. மாலையும் அவர் கையில்தான் இருந்தது.

"மாலையக் கட்டுனவருதான் போடணும்னா பூக்காரிய கூப்பிடுங்க" என்றார் டிரஸர் மாரிமுத்து. "அரசாங்க அதிகாரிக்கு அரசாங்க உத்தியோகத்துல இருக்குற ஆள்தான் மாலை போடணும். அதுதான் முறை."

"என்னா பெரிய உத்தியோகம்? புண்ணுக்கு மருந்து தடவுறதுதான?" என்றார் கோயில் மாரிமுத்து.

"உமக்குப் போன வருஷம் எந்த இடத்துல மருந்து தடவுனேன்னு இங்க சொல்லட்டுமா?"

தென்னை மரத்து ஹாரனிலிருந்து 'சொல்லட்டுமா, சொல்லட்டுமா' என்று எதிரொலி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சுவிட்சை மூடவில்லை. திடலில் நாலு ஹாரன். அவற்றில் இரண்டு ரோட்டுப் பக்கம், சடக்கைப் பார்த்துக் கட்டியவை. காஜா பெராங் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். வேலிக்கு அப்பால் போன சைக்கிள்கள் நின்றன.

முதலாளி சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். 'சுவிட்ச்.' நான் கையை நீட்டினேன். அதற்குள் லோரி மாரிமுத்து ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லா பேசுங்க. எதுல பேசுறீங்க? என் பேட்டரியில பேசுறீங்க. எனக்கு மரியாத இல்லாத எடத்துல என் பேட்டரிக்கு என்னா வேல? ஒயரு, கழட்டுடா!"

நான் கழற்றவில்லை. கழற்றாமலும் இருக்க முடியவில்லை. பேட்டரி போனால் விழா போயிற்று. விழா போனால் முதலாளி பெயர் போயிற்று. அதோடு என் வேலையும் போயிற்று. முதலாளி சிலேட்டில் வேகமாக எழுதினார். கோபத்தில் குச்சி உடைந்தது. பாதி எழுத்துத்தான் இருந்தது: 'ஆளைக் கண்ணா'

அதிகாரி மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாலை எந்த நேரமும் வரலாம் என்று கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தார். ஆனால் அவர் இந்த மூவரையும் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை புருவத்தை உயர்த்தி, 'வா' என்பதுபோல் தலையை அசைத்தார்.

நானும் அங்கே பார்த்தேன். கூட்டத்தைக் கடைசி வரிசை வரை பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

கடைசி பெஞ்சில் பாபா உட்கார்ந்திருந்தார். மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் செட்டிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். நம்மைப்போல் கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார். வீட்டில் பேசுவது மலாய். சரோங்கும் வெள்ளைச் சட்டையுமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் நடப்பதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் பாபா. அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. நான் ஒருமுறை அவர் வீட்டுக்கு ரேடியோ பழுது பார்க்கப் போயிருக்கிறேன். வாசல் நிலைக்கு மேல் ஒரு பலகையில் பெயர் எழுதியிருந்தது. என் பெயராயிற்றே என்று இரண்டு முறை படித்திருந்தேன்.

சரியா தப்பா என்று தெரியாது. தப்பானால் நாலாவது ஆளையும் இந்தச் சண்டைக்குள் இழுத்துவிட்டவன் ஆவேன். அதற்குப் பிறகு எனக்குத் தோட்டம்தான். லோரி மாரிமுத்துவின் கை பேட்டரி ஒயரைப் பிடித்துவிட்டது. நான் பாபாவைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்:

"என்சே மாரிமுத்து, சிலா டத்தாங் கெ டெப்பான்." திரு. மாரிமுத்து, முன்னால் வாருங்கள் என்று மலாயில். பாசாரில் மீன் வாங்கப் பயன்படும் மலாய்தான் எனக்குத் தெரியும். அதில் இருந்த மரியாதை முழுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

பாபா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"பங்கில் சாயா கா?" என்னையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

தன் பெயரைத் தமிழில் அழைத்தபோதும் அவருக்குக் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் மற்ற சொற்கள் புரியவில்லை. கோட்டுப் போட்ட மூன்று பேர் எழுந்ததைப் பார்த்து, அவர்களைத்தான் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து சேர்ந்தார். பின் இருக்கையில் கட்டியிருந்த ஐஸ் கட்டி பாதி உருகி, அவர் வேட்டி பின்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. பாசாரில் ஐஸ்காரன்கூட இந்தச் சண்டையைக் கேட்டானாம். "என்னங்கய்யா இது? அவருதாங்க மாரிமுத்து! இந்த ஊர்ல ரொம்பப் பழைய குடும்பம் எதுன்னு விசாரிச்சேன். அவர் வீட்டுக்கே போய் அழைச்சிட்டு வந்தேன். விருந்தாளியும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல படிச்சவங்க. உங்க மூனு பேருக்கும் அதே பேரா?" என்றார். மூன்று மாதத்தில் அவருக்கு டிரஸர், லோரி, கோயில் என்ற பெயர்கள்தான் தெரிந்திருந்தன.

லோரி மாரிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "இருவது வருஷமா அடுத்த வேலி. பாபா பேரு மாரிமுத்தா?"

"எனக்குத் தெரியும்" என்றார் டிரஸர். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மாசாமாசம் ஆஸ்பத்திரிச் சீட்டுல அந்தப் பேர நான்தான் எழுதுறேன். எழுதிட்டு, பாபா வாங்கன்னு கூப்பிடுவேன்."

இதுவும் ஹாரனில்தான் போனது.

கோயில் மாரிமுத்து மாலையைப் பார்த்தார், பாபாவைப் பார்த்தார். பிறகு படிக்கட்டை விட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போய், மாலையை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் எதையும் ஒரு கையால்தான் கொடுப்பார். இரண்டு கையால் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

பாபா மேடையேறி மாலையைப் போட்டார். அதிகாரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பூ நசுங்கியது. வாத்தியார் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அவரை மைக்கின் முன்னால் நிறுத்தினார். என்னைப் போலவே அவரும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார். பிறகு சொன்னார்:

"பஹாசா சுடா இலாங். நாமா அடா லாகி."

கூட்டம் விழித்தது. அந்த மலாய் பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் மைக்குக்கு ஓரமாகக் குனிந்தேன். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. சீட்டிலும் எழுதவில்லை.

"மொழி எங்ககிட்டேருந்து போயிடுச்சு. பேரு இன்னும் இருக்குன்னு சொல்றாரு" என்றேன்.

முதலில் கை தட்டியது லோரி மாரிமுத்து. பேட்டரி ஒயரை விட்டுவிட்டுத்தான் தட்டினார். பிறகு திடலே தட்டியது. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. உடைந்த குச்சியால் எதையோ எழுதி, சிலேட்டை என் பக்கம் திருப்பினார்.

'இப்பவாவது சுவிட்சை மூடு.'

நாலு நாள் கழித்து அவருக்குக் குரல் திரும்பி வந்தது. என்னை வைத்துக்கொள்வாரா அனுப்பிவிடுவாரா என்று அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கடைக்கு வந்தவர், "பசியாறிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து நீலக் கைக்குட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "தினம் துவைச்சுக் காயப்போடு. முகத்தத் தொடச்சீன்னா கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை நிலைத்தது. இன்னொரு தடவை வாயடைத்தால் என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை அழைக்கிறேன். அதற்கு முன் கடைசி வரிசையைப் பார்க்கிறேன். விழா முடிந்ததும் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பாபா, தன் கடைசிக் காலம் வரை என்னை 'மாரிமுத்து' என்றே அழைத்தார். நானும் அவரை அப்படியே அழைத்தேன். சடக்கில் எதிரே வந்தால் இருவரும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும். போகிறவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். செல்வம்தான் அறிவிப்பு. "திரு. மாரிமுத்து அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான், யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பின்னால் திரும்பினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

செல்வம் நான் கொடுத்த நீலக் கைக்குட்டையால் மைக்கை இன்னொரு தடவை துடைத்தார். நேராக என் கண்ணைப் பார்த்து, மலாயில் அழைத்தார்.

அப்புறம்தான் எழுந்தேன்.